இனிகோவுக்குத் துட்டி

ஜாய்சன் மறந்து விட்டுப்போன துணிப்பையில் ஒரு குடையும் ஒரு புத்தகமும் இருந்தன. குடையைப் பார்த்து ஒரு ஆளின் குணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எமில்டா புத்தகத்தை எடுத்தாள்.

அடுத்தவர் பொருளைக் குடைகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் ஜாய்சன் அவள் மகள் பிளாரன்சைக் கட்டப்போகிறவன். பிளாரன்சுக்கு முந்தி ஒரு சம்பந்தம் பேசி முடித்து, பிறகு நின்றுபோயிருந்தது. அந்த மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே பெண்டாட்டி பிள்ளை இருப்பதைத் தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அதிலிருந்து மாப்பிள்ளை என்றாலே எமில்டா நாலு தரம் விசாரிப்பாள். ஜாய்சன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வளைகுடா வேலைக்காகத் தோகாவுக்குப் போகிறான். அதற்குள் கல்யாணம் முடிய வேண்டும். இல்லையென்றால் அவன் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். கொழும்பில் நடந்தது தோகாவில் நடக்காதா?

புருஷன் மனுவேல் வீட்டில் இருந்தால் இந்த விசாரணையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். அவர் தோணியில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருந்தார்.

புத்தகத்தின் பெயர் ‘கத்திக்குக் கூலி’. அட்டையில் ஒரு அரிவாள், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. கீழே பெரிய எழுத்தில் ‘முற்றிலும் உண்மை’ என்று போட்டிருந்தது. மருமகன் இப்படிப்பட்டதையெல்லாமா வாசிக்கிறான் என்று பதறித்தான் எமில்டா பக்கத்தைப் புரட்டினாள். முன்னால் இருந்த பொடி எழுத்தையெல்லாம் தள்ளிவிட்டு நேரே கதைக்குள் போனாள். மத்தியானச் சமையல் அன்றைக்கு மாலைச் சமையல் ஆயிற்று.

பணம் வாங்கிக்கொண்டு ஆளைக் கொல்லுகிற ஒருவன், வயதான பிறகு, தான் செய்ததையெல்லாம் தானே சொல்லுகிறான். அரசாங்கப் பஸ்ஸில்தான் போவானாம். ஜன்னலோரம் உட்கார மாட்டானாம், காற்றுப் பட்டால் தோள் பிடித்துக்கொள்ளும், பிறகு கை ஓங்க வராது. செவ்வாய்க்கிழமை கறி தொட மாட்டான், வேலையும் செய்ய மாட்டான். சொன்ன நாள் தவற மாட்டான். படிக்கப் படிக்க எமில்டாவுக்கு அவன்மேல் ஒரு மதிப்பு வந்து தொலைத்தது. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஆளுக்குச் சொல்லிவிட்டு அவள் புரட்டாசியிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். இவன் இத்தனை ஒழுங்காக வருகிறானே!

நான்காம் அத்தியாயம் வரைக்கும்தான் அந்த மதிப்பு. அதில் இனிகோ வந்தான்.

திருநெல்வேலியில் ஒரு புரோட்டாக் கடை. இனிகோ முதல் புரோட்டாவைத் தின்றுவிட்டு இரண்டாவதைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றச் சொல்லியிருந்தான். கொலைகாரன் ஊற்றுகிற வரைக்கும் காத்திருந்தான், தின்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. ‘உடலைக் கேட்டு ஒருவரும் வரவில்லையாம். ஏதோ கடற்கரை ஊர்க்காரன் என்றார்கள். முனிசிபாலிட்டிதான் புதைத்தது. தொழில் வேறு, மனசு வேறு. எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது’ என்று அவனே சொல்லியிருந்தான்.

எமில்டா புத்தகத்தை மூடிவிட்டாள். இனிகோ என்று பேர். கடற்கரை ஊர். அப்படியென்றால் நம் ஆள். சாமியார் இல்லாமல், மணி அடிக்காமல், ஒரு பூசைகூட வைக்காமல் மண்ணுக்குள் போயிருக்கிறான். கொன்றவனுக்கே கஷ்டமாக இருந்தது என்றால் வாசித்தவளுக்கு இருக்காதா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோயில் அலுவலகத்துக்குப் போய் உபதேசியார் தொம்மையிடம், இனிகோவின் ஆன்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசை வைக்கவேண்டும் என்றாள்.

“ஏளா, எந்த இனிகோ?” என்றார் தொம்மை.

“செத்துப்போனவரு.”

“செத்துப்போனவனுக்குத்தான ஆன்ம பூசை வைப்பாவ? நம்ம பங்குல மட்டும் ஒம்போது இனிகோ செத்திருக்கானுவ. வெறுமன இனிகோன்னு போட்டா, அங்கன மேல அவனவன் எனக்குத்தான்னு பிரிச்சுக்கிட மாட்டானுவளா? சரியா அடையாளம் சொல்லு.”

எமில்டாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கடவுளுக்கே குழப்பம் வரக்கூடாது.

“கொலையுண்ட இனிகோன்னு போடுங்க.”

தொம்மை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிளாரன்சுக்கு இரண்டாம் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார்கள். எமில்டா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பூசை தொடங்குவதற்கு முன் தொம்மை மைக்கைத் தட்டிப் பார்த்து, “இன்றைய திருப்பலி, கொலையுண்ட இனிகோ அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, எமில்டா மனுவேல் குடும்பத்தாரால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது” என்று வாசித்தார். பெரிய வெள்ளிக்கிழமைகூட அந்தக் கோயிலில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. கடைசியில் அதே தொம்மை அதே குரலில், “மனுவேல், எமில்டா மகள் பிளாரன்சுக்கும்” என்று ஓலை வாசித்தபோது எல்லாத் தலைகளும் முன்வரிசைப் பக்கம் திரும்பின. தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடத்தில் எல்லோரும் தங்களுக்கு ஏதோ தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

அவள் வீடு வந்து சேலை மாற்றுவதற்குள் துட்டி கேட்க ஆள் வந்துவிட்டது. இந்த ஊரில் துக்க வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வராமல் இருக்க முடியாது. துட்டிக்கு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகள் எமில்டாவின் தெருவிலேயே உண்டு.

முதலில் வந்தது பக்கத்துப் பெட்டிக்கடை முருகேஸ்வரி. முத்தையாபுரத்துக்காரி. கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடி வந்து எமில்டாவைக் கட்டிக்கொண்டாள்.

“எக்கா, ஒரு வார்த்த சொல்லலியேக்கா! பக்கத்துல இருந்துக்கிட்டு கோயில் மைக்குல கேக்க வச்சுட்டியே!”

“இல்ல முருகேஸ்வரி, அது வந்து…”

ஆனால் அவள் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளை நிறுத்தி, அது புத்தகத்தில் வருகிற ஆள் என்று எப்படிச் சொல்ல? அழுகை ஓயட்டும் என்று எமில்டா காத்திருந்தாள். ஓய்வதற்குள் இன்னும் ஐந்தாறு பெண்கள் வந்துவிட்டார்கள். தொம்மையும் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சோடா வாங்கிக்கொண்டார்.

“எப்பிடிப் போச்சு உசுரு?” என்றாள் முருகேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“புரோட்டா தின்னுக்கிட்டு இருக்கையில. ரெண்டாவதுல கை வச்சிருக்காரு.” சொன்னபோது எமில்டாவுக்கே கண் நிறைந்துவிட்டது. அது பொய்யில்லை.

“ஐயோ பாவி! ஒனக்கு என்ன வேணும் அவரு?”

“வேணும்னு இல்ல. தெரிஞ்சவரு.”

அறையில் ஒரு நொடி யாரும் அழவில்லை. மனுவேல் கடலுக்குப் போய் எத்தனை மாதம் ஆகிறது என்று எல்லோரும் மனசுக்குள் எண்ணுவது எமில்டாவுக்குக் கேட்டது.

“அவுக வழியில” என்று அவசரமாகச் சொன்னாள்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அத்தோடு இனிகோ மனுவேலுக்குப் பங்காளி ஆனான்.

“நெனச்சேன்” என்றாள் முருகேஸ்வரி. “அவர எனக்குத் தெரியும்க்கா. செவப்பா, உயரமா இருப்பாரே? நம்ம கடையிலதான் வெத்தல வாங்குவாரு. ஆத்தூர் வெத்தலதான் வேணும்பாரு, வேற குடுத்தா மூஞ்சியில எறிவாரு. நல்ல மனுசன்.”

எமில்டா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஜாய்சனோடு வந்த அவன் அம்மா ஈவாஞ்சலின் இறங்கும்போதே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அவள் எதையும் முறையாகச் செய்கிறவள். உள்ளே வந்து முறையாக அழுதாள். முகம் கழுவினாள். பிளாரன்ஸ் கொடுத்த காப்பியை முழுக்கக் குடித்தாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள்.

“மைனி, அழுகை வேற, கேள்வி வேற. கோவிச்சுக்கிடக் கூடாது. யாரு கொன்னா?”

“கூலிக்கு வந்த ஆளு.”

“கூலிப்படையா! ஏவுனது யாரு?”

எமில்டா பொய் சொல்லத் தெரியாதவள். புத்தகத்தில் படித்ததை அப்படியே சொன்னாள். “மச்சான்தான் ஏவிவிட்டதாம்.”

ஈவாஞ்சலின் நெஞ்சில் கை வைத்தாள். “மச்சானே மாப்பிள்ளையக் கொல்லுத குடும்பமா இது? இத நிச்சயத்தப்ப சொல்லலியே மைனி! பிளாரன்சுக்கு எத்தன அண்ணன் தம்பி?”

“ஒருத்தரும் கெடையாதே! ஒத்தப் பிள்ளைதான!”

“ஒண்ணுவிட்டவன் இருப்பான்லா? அரிவாளுக்கு ஒண்ணுவிட்டவன், கூடப் பொறந்தவன்னு தெரியுமா?”

இதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஜாய்சனுக்குப் பொறுக்கவில்லை. “பொண்டாட்டி கூடப் பொறந்த மச்சான் இல்லம்மா அது. அவரு அக்கா வீட்டுக்காரரு. தென்னந்தோப்புத் தகராறு” என்றான்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஒனக்கு எப்பிடிலே தெரியும்?” என்றாள் ஈவாஞ்சலின்.

ஜாய்சனின் பார்வை நாற்காலியில் தொங்கிய தன் பைக்குப் போய், அங்கிருந்து எமில்டாவுக்கு வந்து, தரைக்குப் போயிற்று.

“மாப்பிள்ளை ரொம்ப வெவரமா இருக்காவளே” என்றாள் முருகேஸ்வரி. “சம்பவம் நடந்த அன்னைக்கு எங்கன இருந்தாவளாம்?”

ஈவாஞ்சலினுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன பேச்சுப் பேசுத? எம் பிள்ளைக்குத் தெரியாம? இனிகோ எங்க வீட்டுக்கு வந்து போற ஆளாக்கும்! எங்கையால கணவாய்க் கறி வச்சு அவருக்குப் போட்டிருக்கேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. வெத்தல வித்தவளுக்கே இவ்வளவு இருந்தா, சோறு போட்டவளுக்கு எவ்வளவு இருக்கும்?”

முருகேஸ்வரி அடங்கிவிட்டாள். ஈவாஞ்சலின் அதோடு விடவில்லை. “மனுவேல் அண்ணன்ட்ட நேரா ஒரு வார்த்த கேக்கணும். போனப் போடுங்க. எல்லாரும் கேக்குத மாதிரி போடுங்க.”

எமில்டா போனைக் கையில் எடுத்தாள். இனிகோவா, அப்படி யாரும் எனக்குக் கிடையாதே என்று அவர் சொல்லப்போகிறார். அப்புறம் இந்த இனிகோ யார், இவளுக்கு எப்படிப் பழக்கம் என்று தொடங்கும். மூன்றாம் ஓலை அதோடு போயிற்று. ஜெபமாலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போட்டாள். மாலத்தீவில் மணி அடித்தது.

“ஏளா எமில்டா!” மனுவேல் அழுதுகொண்டிருந்தார். “நெசந்தானா? நம்ம இனிகோவையா வெட்டிட்டானுவ? முருகேஸ்வரி தம்பி செந்தூர்வேல் இங்கன எங்க தோணியிலதான இருக்கான். அவன் போனுக்குச் சேதி வந்துது. அப்ப இருந்து ஒருத்தரும் அடுப்புல ஒலை ஏத்தலளா!”

எமில்டா போனைப் பார்த்தாள். “என்னங்க, எந்த இனிகோங்க?”

“என்ன கேள்வி கேக்கா இவ? செத்துப்போன இனிகோதான்! சின்னப்பிள்ளையில நான் வள்ளத்துல இருந்து விழுந்தப்ப அவந்தான முடியப் புடிச்சுத் தூக்குனான்? போன ஈஸ்டருக்குக்கூட அவனுக்குப் போன் பண்ணணும்னு நெனச்சேன். பண்ணல. அது ஒண்ணுதான் மனச அறுக்குது.”

பெண்கள் எல்லோரும் மறுபடி அழுதார்கள். எமில்டாவும் அழுதாள், தப்பித்தோம் என்று. ஒருவேளை நிஜமாகவே ஒரு இனிகோ இருந்திருப்பானோ, தனக்குத்தான் தெரியாமல் போயிற்றோ என்றுகூட அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் மனுவேல் இன்னும் முடிக்கவில்லை.

“தொம்மை அங்கன இருக்காரா? ஓலைய நிறுத்தச் சொல்லு. எம் பங்காளி வெட்டுப்பட்டுக் கெடக்கையில எம் வீட்டுல மேளம் கொட்டக் கூடாது. ஒரு வருசம் கழியட்டும்.”

“ஒரு வருசமா?” ஈவாஞ்சலின் எழுந்துவிட்டாள். “எம் பிள்ளை தோகா போயிருவான் அண்ணே. பெறகு ரெண்டு வருசம். அவன் அங்கன வெறுங்கையோட காத்துக் கெடக்கணுமாக்கும்? அப்பிடின்னா நான் வேற எடம் பாக்கணும்.”

குசினி வாசலில் பிளாரன்ஸ் காப்பித் தட்டோடு நின்றாள். அவள் அழவில்லை. கொழும்புக்காரன் போனபோதும் அவள் அழவில்லை, அழாமலே ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தாள். இப்போது அதே முகம் மெல்ல வந்து இறங்குவதை எமில்டா பார்த்தாள். அவ்வளவுதான். எழுந்து போய்ப் பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள்.

“எல்லாரும் என்னைய மன்னிச்சிருங்க. இனிகோவ எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது. இந்தப் புஸ்தகத்துல வார ஆளு. மனசு கேக்காம ஒரு பூசை வச்சேன். அவ்வளவுதான்.”

ஈவாஞ்சலின் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அரிவாளைப் பார்த்தாள். ‘முற்றிலும் உண்மை’ என்பதை விரலால் தடவினாள்.

“புஸ்தகத்துலயே போட்டுட்டானா!” என்றாள். “அவ்வளவு பெரிய ஆளா நம்ம இனிகோ? கணவாய் தின்னப்ப ஒரு வார்த்த சொல்லலியே!”

“போட்டோ போட்டிருக்கா?” என்றாள் முருகேஸ்வரி எட்டிப் பார்த்து.

“எத்தனாவது பக்கம்?” என்றது போன். “எம் பேரு எங்கயாவது வருதா பாரு.”

எமில்டா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் என்ன சொன்னாலும் எடுபடாது. அப்போது ஜாய்சன் நகர்ந்து வந்து அவள் காதருகில், “மாமி, முன்னுரைய வாசிக்கலியா?” என்றான். பிறகு புத்தகத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கி, முன்பக்கத்துப் பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்தான்.

“‘இந்நூலில் வரும் சம்பவங்கள் யாவும் உண்மை. பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன.’”

முதலில் கலங்கியது தொம்மைதான். சோடாப் புட்டியைக் கீழே வைத்தார். “பேர மாத்திட்டானா? அப்போ நம்ம பூசை யாருக்குப் போய்ச் சேந்துது?”

யாருக்கும் தெரியவில்லை. சாமியாரைக் கேட்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவர் பிஷப்பைக் கேட்பார், கல்யாணம் தள்ளிப்போகும் என்று இன்னொருத்தி சொன்னாள். தொம்மை கண்ணை மூடிக்கொண்டு தாடையைச் சொறிந்தார்.

“இருங்க, இருங்க. செத்தவன் ஒருத்தன், அது நெசம். ஆனா அவன் பேரு இனிகோ இல்ல. அப்போ இனிகோ சாகல.”

அறை முழுக்க இதை யோசித்தது. எமில்டா ஈவாஞ்சலினைப் பார்த்தாள். கணவாய்க் கறி போட்டவள் ஒன்று பொய்காரி ஆக வேண்டும், இல்லை இனிகோ உயிரோடு இருக்க வேண்டும். ஈவாஞ்சலினுக்கு அதைத் தீர்மானிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

“மாதாவே!” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் அப்பவே நெனச்சேன். இனிகோ அப்பிடி லேசுல சாகுத ஆளில்லன்னு!”

“ஆமா, அந்த ஒடம்புக்கு ஒரு வெட்டு பத்தாதுக்கா” என்றாள் முருகேஸ்வரி.

போனில் மனுவேல் தேம்பித் தேம்பிச் சிரித்தார். செந்தூர்வேலைக் கூப்பிட்டு உலையை ஏற்றச் சொன்னது இங்கே கேட்டது.

“அப்பா, கல்யாணம்?” என்றாள் பிளாரன்ஸ். அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

“கல்யாணத்துக்கு என்ன மக்கா? ஜாம் ஜாம்னு நடக்கட்டும்! இனிகோவுக்குத்தான் மொதப் பத்திரிகை.”

செத்தவன் ஒருத்தன், அது நிஜம் என்று தொம்மையே சொன்னாரே என எமில்டா சொல்ல நினைத்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே மறுபடி கோயில் அலுவலகத்துக்குப் போனாள்.

“பேரு?” என்றார் தொம்மை.

“தெரியாது. மாத்திட்டான்லா. கடவுளுக்குத் தெரியும்.”

தொம்மை பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறன்று திருப்பலி ‘பெயர் மாற்றப்பட்ட ஒருவரின்’ ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டது. ஒரு தலையும் திரும்பவில்லை. அவனுக்குத் துட்டி கேட்க யாரும் வரவில்லை. எமில்டா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

ஓலைக்குத் தடை சொல்ல ஆள் வரவில்லை. மனுவேல் தோணியில் வந்து சேர்ந்தார். கல்யாணம் நல்லபடி முடிந்தது. பந்தியில் ஈவாஞ்சலின் ஒரு நாற்காலியில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். உட்கார வந்த இரண்டு பேரை எழுப்பி விட்டாள். பிரியாணிச் சட்டி தூர் தெரிகிற நேரத்தில் எமில்டாவிடம் வந்து நின்றாள்.

“மைனி, இனிகோவுக்குப் பத்திரிகை போச்சா, இல்லியா?”

“போச்சே” என்றாள் எமில்டா. கல்யாணம் முடிந்துவிட்ட தைரியத்தில் அவளுக்கு இப்போது பொய் நன்றாக வந்தது. “நேர்ல போய் வச்சாவ.”

“பெறகு ஏன் வரல?”

“பஸ் கெடைக்கலியாம்.”

ஈவாஞ்சலின் கைக்குட்டையை எடுத்து உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அவ்வளவு மதிப்பா நமக்கு?” என்றாள். “நல்லாக் கேட்டுக்கிடுங்க மைனி. இனிமே அவரு நெசமாவே செத்தாலும் நான் துட்டிக்கு வர மாட்டேன்.”